மாற்றிக்கொள்ளக்கூடிய ஸ்லைட் கிராஃபிக்ஸ்: ஆன்லைன் பாடம் தயாரிப்பவர்கள் அடிக்கடி கேட்பவை

ஆன்லைன் பயிற்சிப் பாடங்களுக்கு ஸ்லைட் கிராஃபிக்ஸ் செய்து கொடுப்பது என் வேலை. பாடம் நடத்துகிறவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், கேட்கிற சந்தேகம் மட்டும் மாறாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. முதலில் எளிதானவை, போகப் போகச் சிக்கலானவை. எனக்கு வருகிற கோப்புகளில் பெரும்பாலானவை பவர்பாயின்ட் என்பதால் அதை வைத்தே அதிகம் சொல்லியிருக்கிறேன்.

1. ஒரு படத்தை எடுத்து ஒட்டினால் வேலை முடிந்தது. "மாற்றக்கூடிய கிராஃபிக்" என்று தனியாக எதற்கு?

அன்றைக்கு முடியும். மூன்று மாதம் கழித்து, "நாலாவது கட்டத்தில் இருக்கிற பெயர் மாறிவிட்டது, திருத்த வேண்டும்" என்று யாராவது வருவார்கள். படத்துக்குள் பதிந்துபோன எழுத்தைத் திருத்த வழியில்லை. ஒரு வெள்ளைச் சதுரத்தை வைத்து மறைத்து, அதன்மேல் புது எழுத்தைப் போடுவார்கள். பின்னணி லேசான சாம்பலாக இருந்தால் அந்த ஒட்டு பளிச்சென்று தெரியும்.

என் அளவுகோல் ஒன்றுதான். அந்த கிராஃபிக்கைச் செய்யாத ஒருவர், செய்தவரைக் கேட்காமல், ஐந்து நிமிடத்துக்குள் எழுத்து, நிறம், படம், கட்டங்களின் எண்ணிக்கை எல்லாவற்றையும் மாற்ற முடிய வேண்டும். கீழே சொல்லப்போவது எல்லாமே அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான்.

2. எதில் செய்வது நல்லது? பவர்பாயின்டா, கேன்வாவா, கூகுள் ஸ்லைட்ஸா?

பின்னால் அதைத் திருத்தப்போகிறவர் எதில் உட்கார்ந்திருக்கிறாரோ, அதில். உங்கள் கை எதில் பழகியது என்பது அடுத்த விஷயம். கேன்வாவில் செய்து பவர்பாயின்டாக இறக்கிக் கொடுத்தால் எழுத்து இடம் மாறும், ஃபான்ட் மாறும், சில உருவங்கள் வெறும் படமாகிவிடும். பவர்பாயின்ட் கோப்பைக் கூகுள் ஸ்லைட்ஸில் திறந்தாலும் இதே மாதிரிச் சேதாரம் உண்டு. ஒன்றில் செய்து இன்னொன்றாக மாற்றிக் கொடுக்கிற வேலையை நான் விட்டுப் பல நாளாயிற்று.

3. ஸ்லைட் என்ன அளவு இருக்க வேண்டும்?

வீடியோவாகப் போகிற பாடத்துக்கு 16:9. பவர்பாயின்டில் இது 33.867 × 19.05 செ.மீ. 2013 பதிப்பிலிருந்து புதுக் கோப்பு திறந்தாலே இந்த அளவுதான் வரும். பழைய 4:3 அளவு 25.4 × 19.05 செ.மீ. ஸ்டோரிலைன் மாதிரியான, ஆன்லைன் பாடம் கட்டுகிற மென்பொருளுக்குள் கொண்டுபோவதாக இருந்தால் அங்கே என்ன அளவு வைத்திருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். ஸ்டோரிலைன் நெடுங்காலம் தானாக எடுத்துக்கொண்டது 720 × 540, அதாவது 4:3. யாரும் கவனிக்காமல் விட்டால் உங்கள் அகலமான ஸ்லைடுக்கு மேலும் கீழும் பட்டை விழும்.

எல்லாம் செய்து முடித்தபின் அளவை மாற்றுவது மகா தொல்லை. வட்டமெல்லாம் முட்டையாகும், ஓரத்தில் வைத்தது வெளியே போகும். முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள்.

4. ஸ்லைட் மாஸ்டர் என்றாலே பயமாக இருக்கிறது. அதைத் தொடாமல் சமாளிக்க முடியாதா?

பத்து ஸ்லைடுக்குச் சமாளிக்கலாம். நூறு ஸ்லைடுள்ள பாடத்துக்கு முடியாது. மாஸ்டர் என்பது எல்லா ஸ்லைடுக்கும் அடியில் இருக்கிற தாய் ஸ்லைட். அதன்கீழ் தலைப்பு, இரண்டு பத்தி, படமும் விளக்கமும், வினாடி வினா என்று லேஅவுட்டுகள், அதாவது ஸ்லைட் அமைப்பு வகைகள், இருக்கும். லேஅவுட்டில் பிளேஸ்ஹோல்டர் வைத்தால், அதாவது "இங்கே எழுத்து வரும், இங்கே படம் வரும்" என்று காலியிடம் விட்டால், திருத்துகிறவர் அதில் நிரப்பினால் போதும். படத்துக்கான பிளேஸ்ஹோல்டர் இன்னும் வசதி: எந்த அளவுப் படத்தைப் போட்டாலும் அந்தச் சட்டத்துக்கு ஏற்ப அதுவே வெட்டிக்கொள்ளும்.

சரியாகச் செய்திருக்கிறீர்களா என்று பார்க்க ஒரு குறுக்கு வழி உண்டு. வியூ மெனுவில் அவுட்லைன் வியூவுக்குப் போங்கள். பிளேஸ்ஹோல்டரில் இருக்கும் எழுத்து மட்டும்தான் அங்கே தெரியும், சாதாரண டெக்ஸ்ட் பாக்ஸில் போட்டது தெரியாது. ஸ்லைடில் நிறைய எழுத்து இருந்தும் அவுட்லைன் காலியாக இருந்தால் மாஸ்டரை நீங்கள் பயன்படுத்தவே இல்லை என்று பொருள்.

5. தீம் நிறத்தை மாற்றினேன். பாதி மாறுகிறது, பாதி அப்படியே நிற்கிறது. ஏன்?

அதிகம் கேட்கப்படுகிற கேள்வி இதுதான். தீம் என்றால் கோப்பு முழுவதற்கும் பொதுவான நிற, எழுத்துத் தொகுப்பு. நிறப் பலகையைத் திறந்தால் மேலே "தீம் கலர்ஸ்", கீழே "ஸ்டாண்டர்ட் கலர்ஸ்" என்று இரண்டு பகுதி இருக்கும். தீமில் மொத்தம் 12 இடங்கள்: எழுத்துக்கும் பின்னணிக்கும் நான்கு, அழுத்தம் காட்ட ஆறு, இணைப்புக்கு இரண்டு. மேல் பகுதியிலிருந்து எடுத்த நிறத்துக்குக் கோப்பில் பதிவாவது "அழுத்த நிறம் 2" என்கிற இடம் மட்டுமே. அந்த இடத்தில் நிறம் மாறினால் அதைப் பயன்படுத்திய எல்லாம் மாறும். கீழ்ப் பகுதியிலிருந்தோ, திரையில் இருக்கிற நிறத்தை ஐடிராப்பர் கருவியால் உறிஞ்சியோ, எண் கொடுத்தோ எடுத்தது அந்த நிறமாகவே உறைந்துவிடும். இரண்டும் திரையில் ஒரே நீலமாகத் தெரியும் என்பதுதான் இதில் உள்ள வில்லங்கம்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. ஒரு பாடம் முழுக்க முடித்துக் கொடுத்த பிறகு நிறுவனத்தின் நீலம் பச்சையாக மாறிவிட்டது. "தீமை மாற்றினால் ஆச்சு" என்று தைரியமாகச் சொல்லிவிட்டேன். மாற்றிப் பார்த்தால் கட்டங்கள் பச்சை, அம்புகள் எல்லாம் நீலம். அம்புகளை மட்டும் பழைய கோப்பிலிருந்து எடுத்து ஒட்டியிருந்தேன். இரண்டு ராத்திரி அம்பு அம்பாகத் தேடி மாற்றினேன்.

அதற்கப்புறம் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்வது வழக்கம். கோப்பின் நகலில் 12 நிறத்தையும் கன்னாபின்னாவென்று மாற்றிவிடுவேன், ஊதா, ஆரஞ்சு, கிளிப்பச்சை என்று. அந்தக் கூத்துக்கு நடுவே எது பழைய நிறத்தில் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி.

6. ஐகான் இறக்கினால் நிறம் மாற்றவே முடிவதில்லை. என்ன செய்ய?

புள்ளிகளால் ஆன பி.என்.ஜி. கோப்பாக இறக்கியிருப்பீர்கள். எஸ்.வி.ஜி.யாக இறக்குங்கள். அது கோடுகளால் ஆனது, எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. மைக்ரோசாஃப்ட் 365-இலும் 2019 பதிப்பிலும் அதை நேரே செருகி, கிராஃபிக்ஸ் ஃபில் மூலம் நிறம் கொடுக்கலாம். ஆனால் அப்படிக் கொடுத்தால் முழு ஐகானும் ஒரே நிறமாகிவிடும். சட்டைக்கு ஒன்று, முகத்துக்கு ஒன்று என்று வேண்டுமானால் "கன்வர்ட் டு ஷேப்" கொடுத்து உதிரிகளாக்க வேண்டும்.

உதிரியாக்கியதும் ஒவ்வொரு துண்டும் உறைந்த நிறத்தோடு வரும். 5-வது கேள்வியில் பார்த்த அதே கதை. தீம் நிறத்தை நீங்கள்தான் ஒரு முறை கொடுக்க வேண்டும்.

7. ஐந்து படிநிலை காட்டுகிற ஒரு படம். பிறர் மாற்றுகிற மாதிரி எப்படிக் கட்டுவது? ஒன்று செய்து காட்டுங்களேன்.

ஒரு கட்டத்தை மட்டும் முழுமையாகச் செய்யுங்கள். எழுத்தை உருவத்தின் உள்ளேயே தட்டச்சு செய்ய வேண்டும். உருவத்தின்மேல் தனியாக டெக்ஸ்ட் பாக்ஸை மிதக்கவிட்டால், நகர்த்தும்போது ஒன்று வரும், இன்னொன்று அங்கேயே நிற்கும். உள் ஓரம், எழுத்தளவு, நிறம் எல்லாம் திருப்தியான பிறகு கன்ட்ரோல் + டி அழுத்தி நான்கு நகல் எடுங்கள். முதலாவதையும் கடைசியையும் அதனதன் இடத்தில் வைத்து, ஐந்தையும் தேர்ந்தெடுத்து, அலைன் மெனுவில் "டிஸ்ட்ரிபியூட் ஹாரிசான்டலி" கொடுத்தால் இடைவெளி சமமாகும். கண்ணளவில் வைக்காதீர்கள்.

நடுவே வருகிற அம்புக்குச் சாதாரணக் கோடு போடாமல் கனெக்டரை எடுத்து, அதன் முனையைக் கட்டத்தின் ஓரத்தில் தெரியும் புள்ளியில் கொண்டுபோய் விடுங்கள். பிடித்துக்கொள்ளும். கட்டத்தை இழுத்தால் அம்பும் பின்னாலேயே வரும். அப்புறம் ஆல்ட் + எஃப்10 அழுத்தி செலக்‌ஷன் பேனை (ஸ்லைடில் இருப்பவற்றின் பட்டியல்) திறந்து, "ரெக்டாங்கிள் 47" என்றிருப்பதை "படி 1", "படி 2" என்று பெயர் மாற்றுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் ஆறு மாதம் கழித்துத் திறக்கிறவர் உங்களை வாழ்த்துவார்.

கடைசியாக, ஆறாவது கட்டம் ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். பிறகு மூன்றாகக் குறைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரு நிமிடத்தில் முடிந்தால் படம் தேறிவிட்டது. எங்கேயாவது முட்டினால் பெரும்பாலும் குரூப்புக்குள் குரூப், அதற்குள் இன்னொரு குரூப் என்று கட்டியிருப்பீர்கள். ஓரடுக்கு குரூப்புக்கு மேல் வேண்டாம்.

8. ஸ்மார்ட்ஆர்ட் இருக்கும்போது எதற்கு இவ்வளவு பாடு?

கட்டங்களின் எண்ணிக்கை அடிக்கடி மாறும், தோற்றம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை என்றால், எழுதுகிற பட்டியலைப் படமாக்கித் தருகிற ஸ்மார்ட்ஆர்ட் நல்ல கருவி. வரி சேர்த்தால் கட்டம் தானே வரும். ஆனால் எழுத்து கூடக் கூட எல்லாக் கட்டத்திலும் எழுத்தைச் சுருக்கிக்கொண்டே போகும், மைக்ரோசாஃப்ட் ஆபிஸைத் தாண்டி வேறெங்கும் ஒழுங்காகத் திறக்காது. நான் அதில் தொடங்கி, உருவங்களாக மாற்றி, 7-வது கேள்வியில் சொன்னபடி சீர்செய்வதுண்டு.

9. ஆங்கிலத்தில் சரியாக இருந்த கட்டம், தமிழில் போட்டால் வழிகிறது.

தமிழ்ச் சொற்கள் நீளம், கட்டத்துக்குள் நடுவில் உடைத்தால் படிக்கவும் நன்றாக இருக்காது. "மதிப்பீடு" சின்னக் கட்டத்தில் உட்காரும், "ஒருங்கிணைப்பாளர்கள்" உட்காராது. இரு மொழியிலும் போகப்போகிற கிராஃபிக் என்றால் நான் தமிழில்தான் முதலில் கட்டுவேன். தமிழுக்கு இடம் போதுமானால் ஆங்கிலம் தாராளமாக உட்காரும். குறுகிய ஐந்து கட்டத்தை ஒரே வரிசையில் வைப்பதைவிட, கீழ்கீழாக அகலப் பட்டைகளாக அடுக்குவது தமிழுக்குத் தோது.

எழுத்தைத் தானாகச் சுருக்குகிற "ஷ்ரிங்க் டெக்ஸ்ட் ஆன் ஓவர்ஃப்ளோ" வசதியை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரே ஸ்லைடில் ஒரு கட்டம் 24 பாயின்ட், பக்கத்துக் கட்டம் 17 பாயின்ட் என்று நிற்கும். வரி இடைவெளியும் கொஞ்சம் கூட்ட வேண்டும். மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகரச் சுழியும் வருவதால் நெருக்கமான வரிகளில் ஒன்றோடொன்று உரசும்.

10. என் கணினியில் அழகாக இருந்தது. அனுப்பினால் அங்கே ஃபான்ட் மாறிவிட்டது என்கிறார்கள்.

அவர்களிடம் அந்த ஃபான்ட் இல்லை, அவ்வளவுதான். ஒரு வழி, எல்லாரிடமும் இருப்பதைப் பயன்படுத்துவது. விண்டோஸ் 8 முதல் நிர்மலா யூஐ கூடவே வருகிறது. ஆனால் மேக்கில் அது இருக்கும் என்று சொல்ல முடியாது. இன்னொரு வழி, நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி திறந்த உரிமமுள்ள ஃபான்ட்டைப் பயன்படுத்தி, ஃபான்ட் கோப்பையும் சேர்த்தே அனுப்புவது. மூன்றாவது, ஆப்ஷன்ஸில் சேவ் பகுதிக்குப் போய் ஃபான்ட்டைக் கோப்புக்குள்ளேயே பதிப்பது. அங்கே இரண்டு தேர்வு வரும். பயன்படுத்திய எழுத்துகளை மட்டும் பதித்தால் கோப்பு சிறியது, ஆனால் பெறுகிறவர் புதிதாக எதையும் தட்டச்சு செய்தால் மாட்டிக்கொள்வார். திருத்தத்தான் கொடுக்கிறோம் என்பதால் எல்லா எழுத்தையும் பதியுங்கள்.

மாறி வந்தது "mj;jpahak;" என்பதுபோல் ஆங்கில எழுத்துக் குவியலாக இருந்தால் கதை வேறு. யாரோ பாமினி போன்ற பழைய குறியாக்கத்தில் தட்டச்சு செய்திருக்கிறார்கள். இன்றைய பொதுக் குறியாக்கமான யூனிகோடுக்கு மாற்றாமல் அந்த எழுத்தைத் தேடவும் முடியாது, திரைவாசிப்பான் (பார்வையற்றோருக்குத் திரையைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருள்) படிக்கவும் செய்யாது. முதல் வேலையாக மாற்றுங்கள்.

11. போனில் பார்க்கிறவர்கள் எழுத்தே தெரியவில்லை என்கிறார்கள். எத்தனை பாயின்ட் வைக்கலாம்?

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஸ்லைடின் அகலம் ஏறக்குறைய 34 செ.மீ. (3-வது கேள்வி). போனை நிமிர்த்திப் பிடித்தால் திரை அகலம் சுமார் 7 செ.மீ. ஐந்தில் ஒரு பங்கு. நீங்கள் வைத்த 24 பாயின்ட் அங்கே 5 பாயின்ட் ஆகிவிடும். படுக்கவைத்துப் பிடித்தால் திரையின் உயரம் அந்த 7 செ.மீ. என்பதால் 16:9 ஸ்லைடின் அகலம் சுமார் 12.5 செ.மீ., அப்போது 9 பாயின்ட்டுக்குச் சற்றுக் கீழே. ஆக 24-க்குக் கீழே போனால் படுக்கவைத்தும் பயனில்லை. போனில்தான் பார்ப்பார்கள் என்று தெரிந்தால் நான் 32-இல் தொடங்குகிறேன். இடம் போதவில்லையா? ஒரு ஸ்லைடை இரண்டாக்குங்கள். ஆன்லைன் பாடத்தில் ஸ்லைடுக்குக் காசில்லை.

12. பேசுகிற முழு வாசகத்தையும் ஸ்லைடிலும் போட்டுவிடட்டுமா?

வேண்டாம். காதில் கேட்பதையே கண்ணும் படித்துக்கொண்டிருந்தால் படத்தைப் பார்க்க ஆளில்லை. ரிச்சர்ட் மேயர் என்ற உளவியலாளர் பல்லூடகக் கற்றல் பற்றிச் செய்த ஆய்வுகளில் இதற்கென்றே ஒரு விதி உண்டு: படமும் குரலும் இருக்கும்போது அதே குரலை எழுத்தாகவும் போடுவது கற்றலுக்குத் தடை. காது கேளாதவர்களுக்கும் சத்தமில்லாமல் பார்ப்பவர்களுக்கும் வசன வரியைத் தனியாகக் கொடுங்கள், வேண்டாதவர் அணைத்துக்கொள்ளலாம்.

13. சரிக்குப் பச்சை, தவறுக்குச் சிவப்பு. இதில் என்ன தப்பு?

நிறத்தை மட்டும் நம்பியிருப்பதுதான் தப்பு. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் இருக்கிறார்கள், ஆண்களில் அதிகம். பச்சையோடு ஒரு டிக், சிவப்போடு ஒரு பெருக்கல் குறி வைத்துவிட்டால் தீர்ந்தது. இணைய அணுகல் வழிகாட்டியான டபிள்யூ.சி.ஏ.ஜி. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 ஒளிர்வு வேறுபாடு கேட்கிறது. பெரிய எழுத்துக்கும் ஐகான் போன்ற உருவங்களுக்கும் 3:1 போதும். வெள்ளைமேல் சாம்பல் எழுத்து பிடித்தவர்கள் 767676 என்ற நிற எண்ணை நினைவில் வையுங்கள். அதைவிட வெளிறினால் 4.5-க்குக் கீழே போய்விடும்.

திரைவாசிப்பான் ஸ்லைடில் இருப்பவற்றை செலக்‌ஷன் பேனின் அடியிலிருந்து மேலாகப் படிக்கும். 7-வது கேள்வியில் பெயர் வைத்தபோதே வரிசையையும் சரிசெய்துவிட்டால் "படி 4"-க்குப் பிறகு "படி 1" வராது.

14. ஸ்லைடைப் படமாகச் சேமித்தால் மங்கலாக வருகிறது.

விண்டோஸ் பவர்பாயின்ட் வழக்கமாக அங்குலத்துக்கு 96 புள்ளி என்ற கணக்கில் வெளியிடும். 16:9 ஸ்லைடுக்கு அது 1280 × 720. அதை 1920 அகல வீடியோவில் இழுத்து ஒட்டினால் மங்கத்தான் செய்யும். விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றி 144 ஆக்கினால் 1920 × 1080 கிடைக்கும், மைக்ரோசாஃப்டே அதற்கு வழி சொல்லியிருக்கிறது. மேக்கில் சேமிக்கும்போதே அகலத்தைக் கேட்கும். ஒரு உருவம் மட்டும் வேண்டுமென்றால் வலது கிளிக் செய்து எஸ்.வி.ஜி. படமாகச் சேமியுங்கள், மங்கல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

15. முப்பது ஸ்லைடுதான், கோப்பு ராட்சசனாக வீங்கிவிட்டது. ஏன்?

முதல் சந்தேகம் படங்கள். "கம்ப்ரெஸ் பிக்சர்ஸ்" கொடுத்து 150 பி.பி.ஐ.க்கு (அங்குலத்துக்கு 150 புள்ளி) குறையுங்கள், திரையில் பார்க்கும் பாடத்துக்குப் போதும். இரண்டாவது சந்தேகம் மாஸ்டர். வேறு கோப்பிலிருந்து ஸ்லைடை "கீப் சோர்ஸ் ஃபார்மட்டிங்" என்று ஒட்டும்போது அதன் மாஸ்டரும் கூடவே குடிவந்துவிடும். ஒரு கோப்பில் பதினேழு மாஸ்டர் பார்த்திருக்கிறேன். "யூஸ் டெஸ்டினேஷன் தீம்" கொடுத்து ஒட்டினால் இது நேராது.

இதோடு சேர்ந்த இன்னொன்று வீக்கத்தைவிட முக்கியம். திரைப்பிடிப்பில் யாருடைய பெயரோ மின்னஞ்சலோ இருந்தது, கிராப் செய்து மறைத்துவிட்டோம் என்று நினைப்பீர்கள். வெட்டிய பகுதி கோப்புக்குள் அப்படியே இருக்கும். திருத்தக் கொடுத்த கோப்பில் யார் வேண்டுமானாலும் கிராப்பை விரித்துப் பார்த்துவிடலாம். கம்ப்ரெஸ் செய்யும்போது "டிலீட் கிராப்ட் ஏரியாஸ்" என்பதையும் டிக் செய்யுங்கள்.

16. மார்ஃப் வைத்தேன். ஒரு கட்டம் நகர வேண்டியது, மங்கி மறைந்து வேறு இடத்தில் தோன்றுகிறது.

மார்ஃப் என்பது ஒரு ஸ்லைடிலிருந்து அடுத்த ஸ்லைடுக்குப் போகும்போது உருவங்களை நகர்த்திக் காட்டுகிற வசதி. இரண்டு ஸ்லைடிலும் இருப்பது ஒரே உருவம்தான் என்று அதற்குப் புரியவில்லை. செலக்‌ஷன் பேனில் இரண்டுக்கும் ஒரே பெயர் கொடுத்து, பெயரின் முன்னால் இரண்டு ஆச்சரியக்குறி போடுங்கள்: "!!படி 1". இனி வலுக்கட்டாயமாகச் சேர்த்துக்கொள்ளும்.

17. இணையத்தில் எடுத்த படத்தின் நிறத்தை மாற்றிவிட்டேன். இனி அது என்னுடையதுதானே?

இல்லை. பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தருகிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களையே எடுத்துக்கொள்வோம். சி.சி.0 என்றால் கவலையில்லை. பி.ஒய். என்றால் பெயர் குறிப்பிட வேண்டும். எஸ்.ஏ. என்றால் மாற்றியதையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். என்.சி. இருந்தால் கட்டணப் பாடத்தில் போடுவது வம்பு. என்.டி. இருந்தால் மாற்றியமைத்ததைப் பிறருக்குக் கொடுக்கவே கூடாது, ஆகவே மாற்றக்கூடிய கிராஃபிக்குக்கு அது ஆகவே ஆகாது.

காசு கொடுத்து வாங்கிய படத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பாடத்துக்குள் காட்டுவது ஒன்று, பிரித்தெடுக்கக்கூடிய நிலையில் டெம்ப்ளேட்டாகப் பிறர் கையில் கொடுப்பது வேறு. முதலாவதற்கு அனுமதி தருகிற பல உரிமங்கள் இரண்டாவதற்குத் தருவதில்லை. அதனால் டெம்ப்ளேட்டில் படத்தை வைக்காமல் வெறும் பிளேஸ்ஹோல்டரை மட்டும் வைத்துக் கொடுப்பது என் வழக்கம்.

18. பாடத்தை ஏற்றிவிட்டோம். இப்போது ஒரு லோகோவை மட்டும் மாற்ற முடியுமா?

ஸ்கார்ம் பொதியாக (ஆன்லைன் பாடத் தளங்கள் ஏற்கும் பொது வடிவம்) ஏற்றியிருந்தால் அது ஒரு ஜிப் கோப்பு. உள்ளே இருப்பது வெளியீடு மட்டுமே, மூலக் கோப்பு அதில் இல்லை. மூலத்தில் மாற்றி, மறுபடி வெளியிட்டு, மறுபடி ஏற்ற வேண்டும். ஸ்லைடைக் கூட்டவோ குறைக்கவோ செய்தால் பாதியில் நிற்பவர்களின் இடம் குழம்பலாம். லோகோ மாற்றம் மட்டும் என்றால் எண்ணிக்கையைத் தொடாதீர்கள். மூலக் கோப்பு யாரிடம் இருக்கிறது என்று தெரியாமல் விழிப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

19. எல்லாம் ஒழுங்காகச் செய்து கொடுத்தாலும் கலைத்துவிடுகிறார்கள். எப்படித் தடுப்பது?

மாறக்கூடாத லோகோவையும் பின்னணிப் பட்டையையும் மாஸ்டருக்குள் தள்ளுங்கள், சாதாரணப் பார்வையில் கை படாது. ஸ்லைடிலேயே இருந்தாக வேண்டியதைப் புதிய பதிப்புகளில் பூட்டலாம். செலக்‌ஷன் பேனில் பெயருக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருக்கும். கோப்பை டெம்ப்ளேட் வகையாகச் சேமித்துக் கொடுத்தால், இருமுறை கிளிக் செய்ததும் புது நகல்தான் திறக்கும். அசல் பிழைக்கும்.

இத்தனைக்குப் பிறகும் கலைத்தால் தவறு என் பக்கம் என்றே எடுத்துக்கொள்வேன். ஒரு முறை பாடம் நடத்துகிற ஒருவரை என் பக்கத்தில் உட்காரவைத்து, "நாலாவது கட்டத்தில் பெயரை மாற்றுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் பார்த்தேன். அவர் கட்டத்தைக் கிளிக் செய்தார், முழு குரூப்பும் நகர்ந்தது. திரும்பக் கொண்டுவந்தார். மறுபடி கிளிக், மறுபடி நகர்ந்தது. மூன்றாவது முறை பழைய எழுத்தின்மேல் ஒரு வெள்ளைச் சதுரத்தை வைத்தார். அன்று சாயங்காலமே குரூப்பைக் கழற்றினேன்.